ஜூன் மாதத்துப் பிழைகள்

முதல்வர் ராஜபாண்டி எட்டாம் வகுப்பின் நடுவில் நின்று பிழைகளைச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

“மூணாவது வரியில ஒரு தப்பு விடுங்க. ஆறாவது வரியில ரெண்டு. எல்லாரும் ஒரே தப்ப விடக்கூடாது, என்ன? பக்கத்துல இருக்கிறவனப் பாத்துத் தப்பு விட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும்.”

தமிழாசிரியை ஜெபசுதா கரும்பலகை ஓரமாக நின்றாள். பார்த்து எழுதினால் திட்டுகிற வாத்தியார்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். தப்பைப் பார்த்து எழுதாதே என்று மிரட்டுகிற ஒருவரை இன்றுதான் பார்க்கிறாள். சிரிக்க வேண்டிய விஷயம். ஆனால் சிரிப்பு வரவில்லை. காதுமடல்தான் சூடாகிக்கொண்டு வந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது நிர்வாகம் கொண்டுவந்த திட்டம் இது. பிள்ளைகள் வருடம் முழுக்க எழுதுவதை ஆளுக்கொரு கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும். முதலில் எழுதியது, திருத்தி எழுதியது, கடைசியாக எழுதியது, எதையும் தூக்கிப்போடக் கூடாது. போர்ட்ஃபோலியோ என்றார்கள். பரீட்சை மார்க் காட்டாததையெல்லாம் இது காட்டும் என்றார்கள். ஜெபசுதா நம்பினாள். தூத்துக்குடிக்கும் காயல்பட்டினத்துக்குமாகப் போய்வரும் பஸ்ஸில், உப்பளங்களும் சாகுபுரம் ஆலையும் ஜன்னலில் நகர்ந்துகொண்டிருக்க, மடியில் கோப்புகளை அடுக்கி வைத்துக்கொண்டு படித்தாள். எண்ணெய் பட்ட தாள், பாதியில் நின்றுபோன தாள், ‘இதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது டீச்சர்’ என்று முடிந்த தாள். யுஸ்ரா என்ற பிள்ளை ஜூனில் எழுதிய தாளைப் படித்த அன்று, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

இப்போது ஜனவரி. சனிக்கிழமை வெளியூரிலிருந்து பார்வையாளர் குழு வருகிறது, பெற்றோரும் வருகிறார்கள். கோப்புகளைப் புரட்டிய ராஜபாண்டிக்குத் தலை சுற்றியது. “இதையா டீச்சர் காட்டப் போறீய? குப்பத்தொட்டி மாரில்லா இருக்கு!” அவருக்கு வேண்டியது வளர்ச்சி. ஜூனில் மோசம், செப்டம்பரில் சுமார், ஜனவரியில் பிரமாதம். மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போக வேண்டும். அதனால் எல்லாக் கோப்புகளையும் சாக்கில் கட்டி ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிவிட்டு, புதுக் கோப்புகளில் முழுசாக ஒரு வருடத்தையே எழுத வைத்துக்கொண்டிருந்தார். ஜனவரிக் கட்டுரையைப் போன வாரமே எழுதியாயிற்று. இன்றைக்குத்தான் ஜூன்.

தலைப்பு ‘என் தந்தை’.

“ஃபர்ஸ்ட் காப்பியில விவரமே இருக்கக் கூடாது. அப்பந்தான் கடைசிக் காப்பி எடுப்பாத் தெரியும். எழுதுங்க, என் தந்தை என்ன வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரியாது.”

ஸுஹைப் எழுந்து நின்றான். “சார், எங்க வாப்பா நம்ம ஸ்கூல் வேன் டிரைவரு.”

“அதுக்கென்னலே?”

“தெரியாதுன்னு எப்படி சார் எழுத? தெனமும் அவங்க வேன்லதான வாரேன்.”

வகுப்பு குபீரென்று சிரித்தது.

“ஜூன்ல ஒனக்குத் தெரியாதுலே. ஜனவரியிலதான் தெரிஞ்சுக்கிட்ட. உக்காந்து எழுது.”

யுஸ்ரா மட்டும் சிரிக்கவில்லை. பேனா மூடியைக்கூடக் கழற்றாமல் ஜெபசுதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெபசுதா வராந்தாவில் முதல்வரை மறித்தாள். “சார், யுஸ்ரா ஃபைல மட்டுமாவது விட்டுருங்க. அவ ஜூன்ல எழுதுனத நீங்க படிக்கல.”

“படிச்சேன் டீச்சர். நல்லாத்தான் எழுதிருக்கா. அதுதான பிரச்சனையே! ஜூன்லயே இப்படி எழுதிட்டான்னா, ஜனவரியில நான் என்ன வளர்ச்சியக் காட்டுதது?”

“நல்லா எழுதுத புள்ளைய மோசமா எழுதச் சொல்லுதோம் சார்.”

“நடிக்கச் சொல்லுதோம். ஆண்டு விழாவுல நடிக்கலையா? டீச்சர், ஒங்களுக்கு இந்த வருஷம் மட்டும் வேல பாத்தாப் போதுமா, அடுத்த வருஷமும் பாக்கணுமா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவள் கணவன் பர்னபாஸுக்குத் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. கப்பல் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஜெபசுதா வகுப்புக்குத் திரும்பினாள். யுஸ்ராவின் மேசையருகே நின்று, “எழுதும்மா” என்றாள். பேனா நகர்ந்தது. ஒரு பிள்ளையின் நல்ல எழுத்தை அவளைக்கொண்டே கெடுக்க வைக்க ஒரு பள்ளிக்கூடம், அதற்கு ஒரு முதல்வர், கூட நிற்க ஒரு டீச்சர்! அன்று பஸ்ஸில் வழி முழுக்க இதையே மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பொருமினாள்.

சனிக்கிழமை அரங்கில் மேசை மேசையாகக் கோப்புகள். பளபளக்கும் புது அட்டை, ஒரே மாதிரி லேபிள். யுஸ்ராவின் வாப்பா ஸதக்கத்துல்லாஹ் முதல் ஆளாக வந்துவிட்டார். ஷார்ஜாவில் வேலை, இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் வந்தவர்.

“நாளைக்கி ஃபிளைட்டு டீச்சர். புள்ள எழுதுனதையெல்லாம் ஒக்காந்து படிச்சிட்டுப் போயிருவோம்னு வந்தேன்.”

ஜூனைத் திறந்தார். உதடு அசைய அசையப் படித்தவர், ஓரிடத்தில் நின்றார்.

“என்னம்மா இது? வாப்பாக்கு என்ன வேலைன்னு ஒனக்குத் தெரியாதா?” விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். “தெனமும் ராத்திரி பேசுறோமே...” என்று முடித்தபோது அதில் விளையாட்டு இல்லை.

யுஸ்ரா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். வெளியே மூச்சுவிடக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் குழுவிலிருந்த அம்மாளை ராஜபாண்டி அழைத்துவந்தார். “இந்தப் புள்ளையப் பாருங்க மேடம். ஜூன்ல ஒண்ணுமே இல்ல. இப்பம் ஜனவரியப் பாருங்க.” அந்த அம்மாள் இரண்டு தாளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்து, “அபாரமான வளர்ச்சி” என்றார்.

ஸதக்கத்துல்லாஹ் சட்டென்று முதல்வரின் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். “ஒண்ணும் தெரியாத புள்ளைய ஆளாக்கிட்டீங்க சார். நான் எங்கேயோ கெடக்கேன், வீட்டுல சொல்லிக்குடுக்க ஆளில்ல. அல்லாஹ் ஒங்களுக்கு பரக்கத் செய்யட்டும்.”

ராஜபாண்டி அந்த நன்றியை, தட்டில் நீட்டிய பலகாரத்தை எடுப்பதுபோலக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார். வாப்பா கேள்வி கேட்டபோது கலங்காத யுஸ்ராவின் முகம், இந்த நன்றியைக் கேட்டதும் சுருங்கிப்போனது. ஜெபசுதா அதைப் பார்த்தாள்.

“அது அவ எழுதுனது இல்ல” என்றாள்.

நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்துவிட்டது. பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

“டீச்சர்!”

“சார் சொல்லச் சொல்ல எழுதுனது. தப்பையும் சேத்துச் சொல்லித்தான் எழுத வச்சாங்க. நானும் நின்னு எழுத வச்சேன். ஒங்க மவ ஜூன்ல எழுதுனது வேற. ஸ்டோர் ரூம்ல சாக்குல கெடக்கு. இங்கன நிக்கித எல்லாப் புள்ளைகளோடதும் அங்கனதான் கெடக்கு.”

“மேடம், டீச்சருக்கு ரெண்டு நாளா ஒடம்புக்கு முடியல” என்று குழு அம்மாளிடம் சிரித்த ராஜபாண்டி, இந்தப் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். “திங்கக்கெழம நீங்க வர வேண்டாம்.”

“அது இருக்கட்டும் சார்” என்றார் ஸதக்கத்துல்லாஹ். “அந்த ரூம் சாவி எங்க?”

“பாய், அதெல்லாம் பழைய பேப்பர். எடைக்குப் போடக் கட்டி வச்சிருக்கு.”

“எம் புள்ள எழுதுனதுதான?”

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சாவிக்கொத்து குலுங்கியது. ஸுஹைபின் தகப்பனார், அந்தச் சாக்கை ஸ்டோர் ரூமில் கொண்டுபோய் இறக்கிய வேன் டிரைவர். “சாவி எங்கிட்ட இருக்கு காக்கா, வாங்க” என்று ஸதக்கத்துல்லாஹ்வை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். “ எனக்கு என்ன வேலைன்னு எம் மவனுக்குந்தான் தெரியாதாம். எழுதி வச்சிருக்கான்.”

சாக்கை முற்றத்தில் கொண்டுவந்து அவிழ்த்தார்கள். கடற்காற்று முதல் தாள்களைக் கிளப்பிவிட, உம்மாக்களும் வாப்பாக்களும் குனிந்தும் துரத்தியும் தம் பிள்ளைகளின் கையெழுத்தைத் தேடினார்கள். இவ்வளவு கூட்டம் அரங்கில் எந்த மேசையைச் சுற்றியும் கூடவில்லை. யுஸ்ரா தன் கோப்பைத் தானே எடுத்தாள். கொடுக்கலாமா என்று ஒரு கணம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கொடுத்தாள்.

ஸதக்கத்துல்லாஹ் வெயிலில் நின்றபடியே படித்தார். அவர் எந்த வரியில் இருக்கிறார் என்பது ஜெபசுதாவுக்குத் தெரிந்தது. ‘வாப்பா வீடியோ காலில் எப்போதும் சுவரை ஒட்டித்தான் உட்காருவார்கள். அறையைக் காட்ட மாட்டார்கள். ஒரு நாள் ஃபோன் கை நழுவி விழுந்தது. அடுக்குக் கட்டில்கள் தெரிந்தன. மேல்கட்டிலிலிருந்து யாரோ ஒருவருடைய கால் தொங்கியது. நான் பார்க்காததுபோல, இன்று கணக்குப் பரீட்சை என்று சொன்னேன்.’

அதற்கு அடுத்த வரியை யுஸ்ரா அழுத்தி அழுத்தி அடித்திருந்தாள். ஒரு எழுத்தும் தெரியாதபடி நீலமாகக் கிடந்தது. ஸதக்கத்துல்லாஹ் அங்கேயே நின்றார். உள்ளே ஒலிபெருக்கியில் ராஜபாண்டி எல்லோரையும் தேநீருக்கு அழைத்துக்கொண்டிருந்தார்.

“அது வேண்டாம் வாப்பா. அது நானே அடிச்சது.”

“இரும்மா.”

அடித்த வரிக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்க, தாளைச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கண்களை இடுக்கிக்கொண்டார். காற்றில் தாள் படபடத்தது. யுஸ்ரா கையை நீட்டி அதன் கீழ்முனையைப் பிடித்தாள். பிடுங்கவில்லை. ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.