சமோவார் மலையேறியது

ஆம்பூர்க் கடைத்தெருவில் அப்துல் ஹமீதின் காரை யாரும் கார் என்று சொல்வதில்லை. டீக்கு வெந்நீர் கொதிக்கும் பாத்திரம் போல ‘சமோவார்’ என்றுதான் சொல்வார்கள். பெங்களூரில் ஒரு வெள்ளைக்கார ராணுவ டாக்டர் பந்தயங்களில் ஓட்டித் தேய்த்துவிட்டு, சீமைக்குக் கப்பலேறும்போது தள்ளிவிட்டுப் போன வண்டி அது. நீண்ட மூக்கு, தாழ்ந்த உடம்பு, இரண்டே இருக்கை. சமதரையில் காற்றாய்ப் பறக்கும். கொஞ்சம் மேடு கண்டால் போதும், மூக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பும். டீக்கடைக்காரன் கிளாஸைத் தூக்கிக் காட்டி, “பாய், நமக்கும் ஒரு சாயா ஊத்துங்க!” என்பான்.

பக்கத்து இருக்கையில் புர்காவுக்குள் உட்கார்ந்திருப்பாள் ஹமீதின் மனைவி மஹ்பூபி. அவள் மடியில் எப்போதும் ஒரு செம்புக் குடம் இருக்கும். கார் கொதித்தால் ஊற்றுவதற்கான தண்ணீர். கிண்டல் எல்லாம் அவள் காதிலும் விழும். தன் முகம் யாருக்கும் தெரியாது என்பதுதான் ஆறுதல்.

ஆனாலும் அந்தக் காரென்றால் அவளுக்கு உயிர். அதற்குக் காரணமே அந்த இரண்டு இருக்கைதான். மாமியார் முனவ்வர் பேகம் கூட வர முடியாது. ஹமீதின் அண்ணன் ரஃபி அகமது வர முடியாது. ‘தலையைக் குனி, கையை உள்ளே இழு’ என்று சொல்ல ஒருவரும் இல்லை. பிறந்த ஊரான குடியாத்தத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய நாள் முதல் அவள் பார்த்த உலகம் ஒரு ஜன்னல் அளவு. பாலாறு எவ்வளவு அகலம் என்பதே இந்தக் காரில் ஏறிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஒருநாள் சாப்பாட்டின்போது ரஃபி பேச்சை எடுத்தார். தோல் பதனிடும் ஷாப்பும் வீடும் அவர் சொல்படி நடப்பவை.

“நேத்து மாதனூர்கிட்ட நின்னுடுச்சாமே? மாட்ட கட்டி இழுத்துக்கினு வந்தியாமே? பேஜாரு போதும், ஹமீது. அத்த இரும்புக்காரன்கிட்ட தள்ளிடு. பெரிய காரா ஒண்ணு வாங்கிடலாம். திரை போட்டா அம்மா, பொம்பளைங்க எல்லாரும் ஒண்ணா போவலாம்.”

கதவுக்குப் பின்னால் மஹ்பூபியின் கையில் ரொட்டி அப்படியே நின்றது. எல்லாரும் ஒன்றாக, திரைக்குள்ளே.

“ஒரே ஒரு சான்ஸ் குடுண்ணா,” என்றான் ஹமீது. “மலைக்கு அந்தாண்ட கோட்டையில நம்ம சொந்தக்காரங்க கல்யாணம் வருதே, அதுக்கு இதுலயே பேரணாம்பட்டு மலை ஏறிக் காட்டறேன்.”

“மலையா? மொதல்ல நம்ம வூட்டு வாசப்படி ஏறட்டும்.” ரஃபி சிரித்தார். பிறகு வியாபாரக் குரலில் சொன்னார்: “சரி, ஏறு. ஆனா நடுவுல மூடியத் தொறந்து தண்ணி ஊத்தக் கூடாது. அடிவாரத்துல நானே சீல் போடுவேன். சீல் ஒடைஞ்சுதுன்னா வண்டி அங்கிருந்தே இரும்புக்காரன்கிட்ட போவும்.”

மறுநாள் கார்க் கொட்டகைக்கு டீ கொண்டு போனாள் மஹ்பூபி. ஹமீது ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, துக்க வீட்டில் உட்கார்ந்தவன் போல் உட்கார்ந்திருந்தான். அவள் எட்டிப் பார்த்தாள். உள்ளே வெள்ளை வெள்ளையாய் ஏடு கட்டியிருந்தது. வீட்டுச் சமோவாரின் அடியில் கட்டுமே, அதே ஏடு.

“எந்தத் தண்ணிங்க ஊத்தறீங்க?”

“நம்ம ஷாப்பு கெணத்துத் தண்ணிதான். ஏன்?”

“சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்துல இருக்கே, அந்தக் கெணறா?”

தோலின் முடியைக் கழிக்க ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிகள் அவை. அந்தக் கிணற்று நீரை வாயில் வைத்தாலே நாக்கு தடிக்கும். ஹமீது தலையைச் சொறிந்தான்.

“ஊரே சமோவார்னு கூப்புடுது. அப்போ சமோவாரைக் கழுவற மாரியே கழுவினா இன்னா?”

“புளியா?”

“புளிதான்.”

மாமி தூங்கும் நேரம் பார்த்துப் புளிப்பானை காலியானது. கரைத்து வடிகட்டி ஊற்றி எஞ்சினை ஓடவிட்டு, கீழே திறந்துவிட்டார்கள். சேறும் வெள்ளைச் செதிலுமாகக் கொட்டியது. நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசியபோது கடைசியில் தெளிவாக வந்தது. ஹமீது மனைவியின் புளிக் கையைப் பிடித்துக் குலுக்கினான், துரைமார் குலுக்குவது போல.

அந்தச் சந்தோஷம் எஞ்சின் சூடேறும் வரைதான். தண்ணீரைச் சுற்றி அனுப்பும் பம்பின் கழுத்திலிருந்து நீர் ஒழுகத் தொடங்கியது. இத்தனை நாளும் அந்த இடுக்கை அடைத்து வைத்திருந்ததே சுண்ணாம்பு ஏடுதான் போலிருக்கிறது.

“இதுக்கா பயப்படறது? நாம யாரு?” என்றான் ஹமீது. ஷாப்பிலிருந்து நல்ல ஆட்டுத்தோலாக எடுத்து வந்து, வளையம் வெட்டி, கொழுப்புத் தடவித் திணித்தான். ஒழுகியது. எருமைத்தோல் வைத்தான். சூடேறியதும் அதுவும் ஒழுகியது. ஆம்பூரில் கதவு கிறீச்சிட்டாலும் தோல், கட்டில் ஆடினாலும் தோல். வேறொன்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

கழற்றிப் போட்ட வளையத்தை மஹ்பூபி எடுத்துப் பார்த்தாள். சுருங்கி விறைத்து, எண்ணெயில் பொரித்த வற்றல் போல் இருந்தது.

“வெந்நீர்ல தோல் சுருங்கிடுதுங்க.”

“தோல்காரன் வூட்டுல நின்னுக்கினு தோலையே கொறை சொல்றியா?” என்று சீறியவன், வளையத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது. “ஷாப்புல எவனாவது தோலை வெந்நீர்ல போட்டா, நானே அவனை ஒதைப்பேன். இங்க எனக்கே தோணல பாரேன்.”

“எங்க அத்தா வூட்டுல நூலுக்குச் சாயம் போடற கொப்பரை நாள்பூரா கொதிக்கும். குழாய் ஒழுகினா அத்தா பருத்தி நூலை முறுக்கி, கொழுப்புல தோய்ச்சு அடைப்பாரு. சொட்டுக்கூட வராது.”

“நூலுக்கு எங்க போறது?”

மஹ்பூபி அவன் இடுப்பைப் பார்த்தாள். கட்டம் போட்ட குடியாத்தம் லுங்கி, மாமனார் வீட்டுச் சீதனம்.

“ஐயோ, இது வேணாம்!”

“லுங்கி வேணுமா, கார் வேணுமா?”

கல்யாணத்தன்று அடிவாரத்தில் ரஃபி, சென்னைக்குப் போகும் தோல் கட்டுகளுக்குப் போடுவது போலவே மூடியைக் கம்பியால் கட்டி ஈய சீல் வைத்து நசுக்கினார். வாடகைக்குப் பிடித்த பெரிய காரில், திரைக்குப் பின்னால் மாமி இருந்தாள். ஆம்பூர் டீக்கடைக் கும்பல் அங்கேயும் வந்து வேடிக்கை பார்த்தது. “பாய், மேல போனதும் கொதி வந்துடும், டீத்தூளை இப்பவே போட்டுக்குங்க!” என்று ஒருவன் கத்தினான்.

மஹ்பூபி குடத்தை மடியில் அணைத்துக்கொண்டாள். ஊற்ற முடியாது என்று தெரியும். பழக்கம் விடவில்லை.

கார் உறுமிக்கொண்டு ஏறியது. முதல் வளைவு, அடுத்தது, அதற்கும் மேல். கீழே பேரணாம்பட்டு சிறுத்துக்கொண்டே போனது. மூக்கில் ஆவி இல்லை. ஹமீது பாட ஆரம்பித்தான். அவன் பாட்டு நாராசம். அவள் தடுக்கவில்லை.

பாதி மலையில், வளைவைத் திரும்பியதும் முன்னால் வரிசையாகப் பாரம் ஏற்றிய மாட்டு வண்டிகள். மாடுகள் மூச்சிரைக்க அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. முந்த வழியில்லை. காரும் ஊர்ந்தது. காற்று நின்றது. சூடு அவள் காலடிக்கு வந்துவிட்டது. ஹமீது பாட்டை நிறுத்தினான்.

“வருதா?”

“வரல.”

“இப்போ?”

“வரலைங்க. ரோட்டைப் பாருங்க.”

அவள் கண்ணெல்லாம் அந்த மூடியின் மேல்தான். வெள்ளையாக ஒரு இழை தெரிந்தாலும் முடிந்தது. திரை போட்ட கார்தான், ஜன்னல்தான். யா அல்லா, என் புளியையும் இவர் லுங்கியையும் கைவிட்டுடாதே. திடீரென்று வெண்மையாக ஏதோ எழும்பியது. அவள் எம்பிப் பார்த்தாள். மாட்டுக் குளம்பின் புழுதி! மூடிக்குக் குறுக்கே மிதந்து பள்ளத்துப் பக்கம் போய்விட்டது.

கடைசி வண்டிக்காரன் திரும்பிப் பார்த்துக் குரல் கொடுக்க, வண்டிகள் எல்லாம் ஓரம் கட்டின. “போ சாமி, போ! பொகையே காணமே, இது அந்த சமோவார்தானா?”

“அதேதான்!” என்று பதில் போனது. மஹ்பூபியின் குரல். அந்நிய ஆணிடம் தெருவில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. ஹமீது வாயைப் பிளந்து அவளைப் பார்த்தான். பிறகு மிதித்தான் பாருங்கள், புர்காவின் முகத்திரை பறந்து தலைக்குப் பின்னால் போய்விட்டது. அவள் அதை இழுத்து மூடவில்லை. மலைக்காற்று கண்ணிலும் பல்லிலும் அடித்தது.

உச்சியில் ஆலமரத்தடியில் நின்றார்கள். பெரிய கார் வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் அவள் முகத்திரையைச் சரிசெய்துகொண்டாள். ரஃபி இறங்கி சீலைத் தடவிப் பார்த்தார். குனிந்து பம்பின் கழுத்தைப் பார்த்தார். ஈரம் இல்லை. மூடியைத் தொட்ட விரலைச் சுரீரென்று இழுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

“சூடு இருக்கு,” என்றார். “கொதி இல்ல.” பின்பு பெரிய மனிதராகவே நடந்துகொண்டார்: “சீல்னா சீல்தான். வண்டி உன்னுது.”

மாமி முனவ்வர் பேகம் திரையை விலக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். நேராக மஹ்பூபியின் இருக்கையில் உட்கார்ந்தாள். மஹ்பூபி குடத்தோடு ஒதுங்கி நின்றாள். மாமி ஹாரனை அமுக்கிப் பார்த்தாள். காலை நீட்டினாள், முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“இதுல மனுஷி உக்காருவாளா? நீயே கட்டிக்கினு அழு,” என்றவள், நாலடி போய்த் திரும்பினாள். “புளிப்பான எப்படி காலியாச்சுன்னு வூட்டுக்குப் போய் பேசிக்கலாம்.”

ஹமீது பானெட்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். மஹ்பூபி குடத்தைத் தூக்கினாள். காருக்கென்றே எத்தனையோ தடவை சுமந்த தண்ணீர். முதல் முறையாக அதை அவள் அண்ணாந்து, வயிறு குளிரக் குடித்தாள்.