லூவெல்லா அறுத்த முதுகெலும்பு

நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. பின்னால் இருப்பவர்களும் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வாருங்கள். இந்தக் கதையில் நிறைய எஞ்சின் சத்தம் வரும், அதற்கு மேல் என் குரல் எழாது. ஒரு பெண், ஒரு இரும்பு ரம்பம், நாற்பத்து மூன்று வருஷம் கழித்து அவள் எதிரே வந்து நின்ற ஒரு கார், அவ்வளவுதான் கதை. கேட்டு முடிக்கும்போது உங்களுக்கே எங்காவது வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பத் தோன்றும்.

லூவெல்லா கிராபில் எனக்குப் பக்கத்து வீடு. அவளுடைய வீட்டுப் பின்வாசலில், பனிக்கால மேல்கோட்டுகளை மாட்ட ஒரு பட்டை உண்டு. ஒன்றரை முழ நீளம், வெள்ளி நீல நிறம், கொஞ்சம் வளைவு, அதில் ஆறு கொக்கி. வீட்டுக்கு வருகிற எல்லாரும் அதில்தான் கோட்டை மாட்டுவார்கள். அது ஒரு கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் முதுகெலும்பு.

அறுபத்து மூன்றாம் ஆண்டு வந்த கூரை வைத்த கார்வெட்டுக்கு மட்டும் பின்கண்ணாடி இரண்டு துண்டு. நடுவே கூரையிலிருந்து வால்வரை ஒரு பட்டை இறங்கும். எலும்பு என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம். மறு வருஷமே அதை எடுத்துவிட்டு ஒரே கண்ணாடியாகப் போட்டார்கள். உடனே பழைய வண்டிக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. புதுக் கண்ணாடியை வரவழைத்து, எலும்பை அறுத்து எறிந்துவிட்டு, தங்கள் வண்டியும் புதுசாகிவிட்டதென்று தெருவில் காட்டிக்கொண்டு திரிந்தார்கள். இன்றைக்கு எலும்போடு இருக்கும் அறுபத்து மூன்று வந்து நின்றால் ஆண்கள் தொப்பியைக் கழற்றுகிறார்கள். அறுத்தவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள்.

எங்கள் ஊரில் அறுத்தவன் என்று பெயர் வாங்கியவன் லூவெல்லாவின் கணவன் ஆர்விட். வண்டி என்னவோ அவளுடையது. ரேடியோத் தொழிற்சாலையில் கம்பிச்சுருள் சுற்றிய சம்பளத்தில் கல்யாணத்துக்கு முன்பே அவள் வாங்கியது. எழுபத்தொன்றில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டு சீட்டு வண்டியில் நான்கு பேர் எப்படிப் போவது? விற்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் எத்தனையோ வண்டி ஓட்டினாள். ஆனால் வெள்ளி நீலம் எதையாவது சாலையில் கண்டால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவாள். இன்னொரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். இதை என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று எனக்குக் கணக்கில்லை.

அந்த ஆகஸ்ட் சனிக்கிழமை, மாவட்டச் சந்தைத் திடலில் வழக்கம்போலக் கார்க் காட்சி. வண்டிகள் மூக்கைத் திறந்துவைத்து வரிசையாக நிற்க, சொந்தக்காரர்கள் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, யாராவது தொட்டுவிடுவார்களோ என்று ஓரக்கண்ணால் காவல் காத்தார்கள். நானும் லூவெல்லாவும் தேவாலயத்துப் பெண்களோடு ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரம் விற்றுக்கொண்டிருந்தோம். என் மேஜைக்குப் பக்கத்தில் டுவெய்ன் ஹாஸ்லர் தன் சிவப்பு முஸ்டாங் காரை நிறுத்தியிருந்தான். ஆர்விட் அவனிடம் வழக்கமான சண்டைக்கு வந்து நின்றான்.

"பின்சீட்டு இருக்கிற வண்டிக்கு ஸ்போர்ட்ஸ் கார்னு பேரு இல்லடா. அது சர்ச்சுக்குப் போற வண்டி."

"அந்தப் பின்சீட்டாலதான் எனக்குக் கல்யாணமே ஆச்சு. உன் பேச்சைக் கேட்டிருந்தா இன்னிக்கும் ஒண்டிக்கட்டைதான்" என்றான் டுவெய்ன். "அதை விடு. ரம்பம் கொண்டாந்தியா? மூணாவது வரிசைல ஒரு அறுபத்து மூணு நிக்குது. பாவம், முதுகுல எலும்போட கஷ்டப்படுது. போய்ப் புண்ணியம் கட்டிக்கோ."

ஆர்விட் எப்போதும்போலச் சிரித்தான். லூவெல்லா சிரிக்கவில்லை.

"என்ன கலர்?" என்றாள்.

"வெள்ளி நீலம்."

பலகாரம் வெட்டும் கத்தியை என் கையில் திணித்துவிட்டு அவள் நடந்தாள். எழுபத்து நான்கு வயதுக்காரி அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் மூவரும் பின்னாலேயே ஓடினோம்.

வண்டி நின்றது. என்ன சொல்ல? மற்ற வண்டிகளெல்லாம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. இது மட்டும் பாய்வதற்காகப் பதுங்கியிருந்தது. முன்னால் ஒரு அட்டை: 'கை படாத வண்டி. எலும்பு பிறந்தபடியே உள்ளது.' அந்தக் கை படாத வண்டிகளுக்கென்று தனிக் கோப்பை உண்டு. நடுவர்கள் நான்கு மணிக்கு வருவார்கள்.

வண்டிக்காரர் ராண்டால் வீஸ், சின்சினாட்டியிலிருந்து வந்தவர். பல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எஞ்சினின் அடிப்பக்க எண்களைக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் போனபோது வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எனக்கு இந்த வண்டில ரொம்பப் பிடிச்சது எஞ்சின் இல்லீங்க. டாஷ்போர்டு அறை இருக்கு பாருங்க, அதோட மூடிக்கு உள்பக்கம் யாரோ ஒரு பொண்ணு ஊசியால ஊர்ப் பேரா கீறி வெச்சிருக்கா. கீறினதுல சிவப்பு நகச்சாயம் வேற தடவியிருக்கா. போன ஊரெல்லாம் போலிருக்கு. பதினோரு ஊர். நானும் ஒவ்வொண்ணாப் போய்ப் பாத்துட்டேன். அவ யாருன்னு மட்டும் தெரியல."

"பன்னெண்டு ஊர்" என்றாள் லூவெல்லா.

ராண்டால் திரும்பிப் பார்த்தார். "பதினொண்ணும்மா. நான் நூறு தடவை எண்ணியிருக்கேன்."

"மேடிசன். வின்சென்ஸ். லூயிவில். மூணாவது பேர் கோணலா இருக்கும், மழை பெஞ்சுது, மடியில வெச்சு எழுதினேன்." அவள் வண்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். மூடி சாத்தியபடியே இருந்தது. ஒவ்வோர் ஊராகச் சொல்லச் சொல்ல ராண்டாலின் வாய் திறந்துகொண்டே போனது. பதினொன்றையும் முடித்துவிட்டுச் சொன்னாள்: "பன்னெண்டாவது மேக்கினா. இடம் பத்தல. கீலுக்கு அடியில கீறினேன். நேராப் பாத்தாத் தெரியாது."

ராண்டால் வண்டிக்குள் பாய்ந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. மூடியைத் திறந்து பல் கண்ணாடியைக் கீலுக்கு அடியில் நுழைத்தார். பிறகு உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது, சின்னப் பையன் குரல் மாதிரி.

"மேக்கினா. ஐயோ, இருக்கு. மேக்கினா இருக்கு."

வெளியே வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எங்கே வாங்கினீங்க, முதல் தடவை எவ்வளவு வேகம் போனீங்க, மலை ஏறும்போது இரண்டாவது கியரில் ஒரு முனகல் வருமே அப்பவும் வருமா என்று கேள்விமேல் கேள்வி. அவளும் பதில்மேல் பதில். அந்த முனகல் அன்றைக்கும் உண்டாம். இரண்டு பேரும் வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஒரே சுருதி.

"அஞ்சு மணிக்குக் குதிரை ஓடுபாதைல எல்லா வண்டியும் ஒரு சுத்து வரும்" என்றார் ராண்டால். "இன்னிக்கு ஸ்டியரிங் உங்களுது. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். இத்தனை வருஷத்துல என் பொண்டாட்டிக்கே நான் சாவி குடுத்ததில்ல."

லூவெல்லாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ரேடியோத் தொழிற்சாலைக்காரி திரும்பி வந்துவிட்டாள்.

அதே மூச்சில் அவர் சொன்னார்: "நீங்க அறுக்காம விட்டீங்க பாருங்க, அதுக்கே உங்க காலைத் தொட்டுக் கும்பிடணும்."

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தோம். அறுத்த எலும்பில் கோட்டு மாட்டாதவர் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை. டுவெய்ன் வாயைத் திறந்தான்.

"டுவெய்ன், போய் சாசேஜ் தின்னு" என்றான் ஆர்விட். பிறகு மனைவியின் காதருகே மெல்லச் சொன்னான்: "நீ ஒண்ணும் சொல்லாத. முதல்ல ஓட்டு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் கை வண்டியின் கதவுமேல் இருந்தது. மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"எலும்பை அறுத்துட்டு, அறுக்காதவன்னு அவர் கையால சாவி வாங்கறதா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "வீட்டுச் சாவி ஜெரேனியப் பூந்தொட்டிக்கு அடியில இருக்கு. கோட்டையெல்லாம் தரையில போட்டுடு."

அப்போது மூன்றரை மணி. என் பழைய லாரியை அவள் வீடுவரை இரண்டு மைலும் நான் ஓட்டிய ஓட்டத்தைப் பற்றிச் சொன்னால் போலீஸ்காரர் இப்போதுகூட வருவார். கோட்டுகளைக் குவியலாகத் தள்ளிவிட்டு, ஆணியிலிருந்து பட்டையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினேன். நான் வருவதற்குள் அவள் விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தாள். ராண்டால் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பல் பிடுங்கிக்கொண்டவர் மாதிரி.

"நீங்க வேற வண்டியைச் சொல்றீங்கம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "இதுல யாரும் கை வெச்சதில்ல."

"உள்பக்கத் துணியைப் பிரிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"எப்படிப் பிரிப்பேன்? கை படாத வண்டியாச்சே. பிரிச்சா மதிப்பு போயிடுமே."

பார்த்தீர்களா கண்ணுகளா. தொடாத வண்டி என்பதால் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டுப் பார்க்காததால் தொடாத வண்டியாகவே இருந்தது. நம் வண்டிப் பைத்தியங்கள் மட்டும் செய்யக்கூடிய காரியம் இது.

லூவெல்லா பட்டையைத் திருப்பி மேல்முனையைக் காட்டினாள். வெட்டு நேராக இல்லை. பாதியில் படிபோல ஒரு மடிப்பு விழுந்திருந்தது. "ரம்பம் நடுவுல சிக்கிக்கிச்சு. உருவிட்டு அந்தப் பக்கத்துலேருந்து திரும்ப அறுத்தேன். எனக்கப்புறம் யாரோ புது எலும்பு வெச்சு அடைச்சிருக்காங்க. உள்ள இதே படி இருந்தா என் வண்டி. இல்லன்னா நான் பொய்க்காரி."

"அறுத்தேனா?" என்றான் டுவெய்ன். "ஆர்விட்தானே அறுத்தான்?"

"அவர் அன்னிக்கு ஏரியில மீன் பிடிச்சிட்டிருந்தார். அந்த எலும்பு, பின்னாடி பாக்கற கண்ணாடியில நட்டநடுவுல மறைச்சுக்கிட்டு நிக்கும். ஒரு தடவை போலீஸ்காரர் அதுக்குள்ளயே ஒளிஞ்சு பின்னாடி ரெண்டு மைல் வந்து என்னைப் பிடிச்சார். அந்தக் கோவத்துல ரெண்டு மணி நேரம் அறுத்தேன். எல்லாரும் கேலி பண்ண ஆரம்பிச்சப்போ எனக்கு அழுகை வந்துது. இவர் 'நான்தான் அறுத்தேன்'னுட்டார்."

ஊரே ஆர்விட்டைப் பார்த்தது. அவன் காது சிவந்தது.

"எனக்கு ரம்பமே பிடிக்கத் தெரியாதுன்னு நீங்க தெரிஞ்சுக்கறதுக்கு அது தேவலைன்னு தோணுச்சு" என்றான்.

ராண்டால் எழுந்தார். அந்த வண்டிக்கு டிக்கி மூடி கிடையாது. சீட்டுக்குப் பின்னால்தான் ஊர்ந்து போக வேண்டும். ஊர்ந்தார். ஊக்கு ஊக்காகக் கழற்றும் சத்தம் கேட்டது. டார்ச்சு வெளிச்சம் கண்ணாடியில் அலைந்தது. நடுவர்கள் இரண்டு வண்டி தள்ளி வந்துவிட்டார்கள். லூவெல்லா ஐந்து மணிச் சுற்றை மனத்துக்குள் வழியனுப்பிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"படி இருக்கு" என்றது உள்ளிருந்து ஒரு குரல். பிறகு சிரிப்பு. முதலில் மெல்ல, பிறகு வண்டியே குலுங்கும்படி. "இடது பக்கம் படி. அப்படியே இருக்கு. அடைச்சவன் அற்புதமா அடைச்சிருக்கான். நாப்பது வருஷம் ஊரார் பல்லை அடைச்சேன், என் வண்டியில அடைச்சது எனக்குத் தெரியல."

"அதை நான் சொல்லலாம்னு இருந்தேன்" என்றான் டுவெய்ன், ஏமாற்றமாக.

வெளியே வந்தபோது ராண்டாலின் தலையெல்லாம் தூசி. நேராகப் போய் அட்டையை எடுத்தார். எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பேனாவால் பெரிசாக எழுதினார்: 'லூவெல்லா அறுத்தது, 1965. எலும்பு இதோ.' பட்டையைக் கொக்கிகளோடு முன்சக்கரத்தில் சாய்த்து வைத்தார். நடுவர்களிடம் போய்ப் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னார். அந்த வருஷம் கை படாத வண்டிக்கான கோப்பை டுவெய்னின் முஸ்டாங்குக்குப் போனது. பின்சீட்டோடு. ஆர்விட் அதை இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கோப்பை வாங்கிய வண்டியைச் சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள். அறுபட்ட வண்டியை நெருங்கவே முடியவில்லை. ஒவ்வொருவரும் அந்தப் படியைத் தடவிப் பார்த்துவிட்டு, தான் அந்தக் காலத்தில் எதை அறுத்தேன், எதில் ஓட்டை போட்டேன் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எத்தனை வருஷமாக அடக்கிவைத்த பாவங்களோ.

ஐந்தடிக்க ஐந்து நிமிஷம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ராண்டால் சாவியை நீட்டினார்.

"இன்னுமா?" என்றாள் அவள்.

"இப்பதாம்மா. இத்தனை நாள் யாருன்னே தெரியாத பொண்ணுக்காக வெச்சிருந்தேன்."

அவள் உட்கார்ந்தாள். கிளட்ச் கனமானது. முழங்கால் வலிக்குமே என்று நான் நினைப்பதற்குள் எஞ்சின் எழுந்தது. என் நெஞ்செலும்புக்குள் கேட்டது அந்தச் சத்தம். குதிரைப் பாதையில் வண்டிகள் ஊர்வலம் போல மெல்லப் போயின. அவளும் மெல்லத்தான் போனாள், முக்கால் சுற்றுவரை. கடைசி வளைவில் எல்லா வண்டியும் இடப்பக்கம் திடலுக்குள் திரும்பியது. வெள்ளி நீலம் மட்டும் நேராக வெளிவாசலைப் பார்த்துப் போனது. இரண்டாவது கியரின் முனகல் கேட்டது. ராண்டாலின் இரண்டு கையும் டாஷ்போர்டைப் பிடித்திருந்தன. வாய் நிறையச் சிரிப்பு. மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே தூசி எழுந்து, சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது.

"எங்கடா போறா?" என்றான் டுவெய்ன்.

ஆர்விட் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தான். எலும்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "பெட்ரோல் தீந்தா வருவா" என்றான்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார்கள், ஆளுக்கொரு ஐஸ்கிரீமோடு. பதின்மூன்றாவது ஊர் எது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

அவ்வளவுதான் செல்லங்களா. உங்கள் வீட்டு வண்டி எந்தப் பனியிலும் முதல் திருகலிலேயே உறுமி எழட்டும். நீங்கள் ஆசை அவசரத்தில் அறுத்தது எதுவானாலும், அதில் மாட்ட ஒரு கோட்டும், வந்து மாட்டுகிற ஒரு ஆளும் உங்கள் பின்வாசலில் எப்போதும் இருக்கட்டும். வெளியே போனவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே வீடு திரும்பட்டும்.