கோட்டான் போய்வந்த ஓட்டை

ஃபோனை வாயருகே பிடித்து ஜெயகணேஷ் பேசப் பேச, திரையில் எழுத்து விழுந்தது. "பவி, நாளைக்கு பஸ்ஸ விட்டுறாத. வீட்டுக்கு வெள்ளையடிச்சாச்சு. பிள்ளைக்குத் தொட்டில் கொக்கிகூட மாட்டிட்டேன்." அனுப்பிவிட்டு அண்ணாந்து பார்த்தான். கொக்கிக்கு மேலே, தெர்மாகோல் சீலிங்குக்குள், யாரோ பல்லிடுக்கில் மூச்சை இழுப்பதுபோல 'ஸ்ஸ்ஸ்' என்றது. நேற்று சாயங்காலத்திலிருந்தே இப்படித்தான்.

வடக்குத்து கிராமத்தில் இந்த ஓட்டு வீடு கிடைத்ததே பெரிது. நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிற, கமுதியிலிருந்து வந்த வெளியூர்க்காரனுக்கு யார் வீடு தருவார்கள்? ஆனால் ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே, பின்சுவர் ஓட்டை வழியாக, வெள்ளைமூஞ்சிக் கோட்டான் ஒன்று போய்வந்தது. சாக்குருவி. அதன் அலறல் மாமியார் காதில் விழுந்தால் கைக்குழந்தையை இங்கே விடவே மாட்டார். அடித்துக் கொல்லவும் மனம் வரவில்லை. அதனால் நேற்று அது இரை தேடப் பறக்கும்வரை காத்திருந்து, ஏணி போட்டு ஏறி, செங்கல் வைத்துப் பூசிவிட்டான். ஓர் உயிருக்கும் சேதமில்லை என்று நிம்மதியாகக் கை கழுவினான்.

ஃபோனை உள்ளே வைத்துவிட்டு அவன் பின்பக்கம் வந்தபோது, கொடியில் துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு வளர்மதி, சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னா தம்பி, பூசிட்டியா? குஞ்சுங்க உள்ளதான இருக்குது?"

"குஞ்சா?"

"நெதம் எலியத் தூக்கிக்கினு வந்துச்சே, யாருக்குன்னு நெனச்ச? உனுக்கா? சுத்தி வயலு. அது வர்றதுக்கு முன்னாடி இந்த வூட்ல இருந்தவங்க கொழந்தை கால எலி கடிச்சு வெச்சிடுச்சு. மறுநாளே காலி பண்ணிக்கினு போயிட்டாங்க."

அவன் பதில் சொல்வதற்குள் உள்ளே ஃபோன் அடித்தது. பவித்ரா.

"மாமா, அம்மாவும் கூட வருது. அங்க சாக்குருவி கீக்குருவி கத்துதான்னு கேக்கச் சொல்லுது."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"பின்னாடி என்ன சத்தம்? பாம்பு சீறுற மாதிரி."

"ஃபேனு."

கரண்ட் போய் ஃபேன் எப்போதோ நின்றிருந்தது.

உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தான். வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. மதில்மேல் அது உட்கார்ந்திருந்தது. அலறவில்லை. அலகில் எலியின் வால் தொங்கியது. மதிலடியில், நேற்று அது கொண்டுவந்து போட்ட எலிகள் எறும்பு மொய்த்துக் கிடந்தன.

ஏணியில் ஏறி, ஈரம் முழுக்கக் காயாத பூச்சில் காதை வைத்தான். உள்ளே சத்தம் நேற்றைவிட மெலிந்திருந்தது. ஒன்றுதான் கத்துகிறதோ என்னவோ. உளியைச் செங்கல் இடுக்கில் பொருத்தினான்.

பிடரியில் காற்று பட்டது. மதில்மேலிருந்து அது பறந்து வந்த சிறகுச் சத்தமே கேட்கவில்லை.