சிஞ்ஞோரா குறி பார்க்கிறார்

…இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்கிறார் வீட்டு எசமானி சிஞ்ஞோரா, சரி, நகர்ந்தாயிற்று, முதுகு வாசற்கதவில் முட்டிவிட்டது, இனி எங்கே போவது, நடைவழியின் மறுமுனையில் கதிரையில் இருந்தபடி அவர் இரட்டைக்குழல் துவக்கைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டிருக்கிறார், வெறும் துவக்குத்தான், குகனேஸ்வரியே மடித்துப் பார்த்தாள், இரண்டு குழலுக்குள்ளாலும் யன்னல் வெளிச்சம் தெரிந்தது, பிறகேன் கை பின்னால் கதவுப்பிடியைத் தேடுகிறது… போன கிழமை கீழ்வீட்டில் கள்ளன் புகுந்ததிலிருந்து கிழவிக்கு நித்திரையில்லை, செத்துப்போன புருசன் காடை சுட்ட துவக்கு இப்போது கட்டிலடியில், தோட்டாக்கள் தலையணைக்குக் கீழே. நேற்று வீட்டில் சொன்னதுதான் தாமதம், இவள் புருசன் ஜெயரட்ணம் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார், உனக்கென்ன விசரே, விடிய அந்தக் கதவைத் திறந்துகொண்டு போறது நீதானே, கண் தெரியாத மனுசி கள்ளனெண்டு உன்னைச் சுட்டால் ஆர் கேக்கிறது, வேலையை விடு. பெல் அடிச்சுப்போட்டுப் போறன் என்றால் மனுசிக்குக் காதும் கேளாது, அதற்காகத்தானே சாவியே தந்தது. விடட்டாம்! விட்டால் இந்த நாட்டில் இருக்கிற அனுமதி, பெர்மெசோ, அதைப் புதுப்பிக்க வேலைக் கடிதம் ஆர் தாறது, துறைமுகத்தில் இவருக்கு நாட்கூலி, இவரோ தரப்போகிறார்…

பல்லரோ சந்தையில் மீன்காரன் கூவுவது யன்னலால் கேட்கிறது, சிஞ்ஞோராவுக்கு அது கேட்காது, அவர் புருசன் சொல்லிக்கொடுத்ததைப் பாடமாக ஒப்புவிக்கிறார், தோட்டாவுக்குள் இருக்கிற சன்னம் சிதறிப் பரவும், குறி வேண்டாமென்பார்கள், அது வெளியிலே, வீட்டுக்குள் பரவ இடமேது, ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும், பார்த்துத்தான் சுடவேண்டும். பார்ப்பதற்கு இருப்பதோ குழல் நுனியில் ஒரு பித்தளை மணி, மிளகளவு, அது தெரியவில்லையென்று காலையில் நகப்பூச்சுப் பூசச் சொன்னார், இவள்தான் பூசினாள், சிவப்பு, கொஞ்சமும் வழியாமல், கெட்டிக்காரிதான் போ… இப்போது மணி தெரிகிறதாம், ஆனால் அதை எதன்மேல் வைப்பது, கதவடியெல்லாம் ஒரே மங்கல், அதுதான் நீ கொஞ்சம் போய் நில் குகா என்றார், மாட்டேனென்று எப்படிச் சொல்வது, பாவம், தனிக்கிழவி…

“ஆ! இப்ப தெரியுது. மணியும் அதுவும் ஒன்றுக்கு மேல் ஒன்று, அச்சாவாய்ப் பொருந்துது.”

“எது, சிஞ்ஞோரா?” என்று கத்திக் கேட்டாள்.

“உன் நெற்றியிலே இருக்கிறதே, அந்தச் சிவப்பு.”

குங்குமப் பொட்டு. சிஞ்ஞோரா துவக்கை மடியில் வைத்துவிட்டுச் சிரிக்கிறார், இத்தனை நாளைக்குப் பிறகு முதல் சிரிப்பு, இண்டைக்கு நான் நிம்மதியாய்ப் படுப்பன் என்கிறார், குகனேஸ்வரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அப்பாடா, மனுசி இனிப் பயப்படாது, பயப்படாவிட்டால் கண்டபாட்டுக்குச் சுடவும் மாட்டாது, இதை ஜெயரட்ணத்திடம் சொன்னால் இனி வேலையை விடென்று சொல்லமாட்டார்… சொல்லலாம்தான்… ஆனால் பொறு, கதவடியில் மனுசிக்கு முகம் தெரியவில்லை, ஆள் தெரியவில்லை, பொட்டு மட்டும்தான் தெரிந்தது, வாற கள்ளன் பொட்டு வைச்சுக்கொண்டே வருவான்?