பாதிக்குப் பிறகு என்ன வரும்

1

இது சிரிப்புக் கதையாகத் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்டைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக், வேலை முடிந்ததும் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். தண்ணீர் கொடுத்தேன். "மறுபடியும் எக்சர்சைஸ் ஆரம்பிச்சிருக்கேன் சார். வீட்லயே டிவியைப் பார்த்துச் செய்றது. எதைச் செய்றதுன்னு முடிவு பண்றதுக்குள்ளயே பாதி இளைச்சுட்டேன்" என்றார். எனக்குக் கதை கிடைத்துவிட்டது. பருத்த மனிதர், டிவி, குதியாட்டம். வேறென்ன வேண்டும்? அவர் மேற்கொண்டு பேசப் பேச, நான் தலையாட்டிக்கொண்டே மனதுக்குள் முதல் வரியை எழுதிவிட்டேன்:

'மெக்கானிக்கின் தொப்பை அவனுக்கு முன்பாகவே வேலைக்கு வந்து சேர்ந்துவிடும்.'

(மோசமில்லை. ஆனால் இப்படித் தொடங்கினால் கடைசிவரை நீங்கள் தொப்பையைத்தான் பார்ப்பீர்கள். அடித்துவிட்டேன்.)

'உடம்பு என்பது நாம் வாடகைக்குக் குடியிருக்கும் —'

(வேண்டாம். உடம்பைப் பற்றி இப்படிப் பேசுகிறவர்களுக்கு முதுகு பிடித்துக்கொண்டதே இல்லை.)

தலைப்பு ஒன்றும் வைத்திருந்தேன்: 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்'. அதையும் அடித்தேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

2

நடந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

லிஃப்ட் மெக்கானிக் என்றால் லிஃப்டில் போகிற ஆள் என்று நினைக்கிறோம். அவரைக் கூப்பிடுவதே லிஃப்ட் ஓடாதபோதுதான். ஆகவே அவருக்கு வாய்த்தது எந்நாளும் படிக்கட்டு. இளவயதில் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறியவர். அப்போது அதிகாலையில் ஓடுவார், தண்டால் எடுப்பார். கல்யாணம், ஷிஃப்ட், கண்ட நேரத்தில் சாப்பாடு. எல்லாம் சேர்ந்து ஒரு சுற்று பருத்தார், பிறகு இன்னொரு சுற்று.

ஒரு நாள் ஓர் அலுவலகக் கட்டடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண்மணி, தனியாக. மோட்டார் அறை மொட்டைமாடியில். அங்கே போய் மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுவர வேண்டும். வேலை கைவந்த வேலைதான். போய்ச் சேர்வதுதான் பெரும்பாடாகிவிட்டது. பாதி வழியில் கண் இருட்டியது. படியில் உட்கார்ந்துவிட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் தட்டும் சத்தம். "யாராவது இருக்கீங்களா?"

'இதோ வந்துட்டேம்மா' என்று சொல்ல நினைத்தார். சொல்லுவதற்கு மூச்சு இல்லை.

பிறகு தட்டும் சத்தம் நின்றுவிட்டது. அது அவரை எழுப்பிவிட்டது. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியபடி மேலே போய், வேலையை முடித்து, இறங்கிவந்து கதவைத் திறந்தார். பெண்மணி தரையில் பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வெளிறிப்போயிருந்தது. மெக்கானிக்கைப் பார்த்ததும் எழுந்து, தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"முதல்ல நீங்க குடிங்க. உட்காருங்க."

சுற்றி நின்ற கூட்டத்தில் காவலாளி சொன்னார்: "மெக்கானிக்கைக் காப்பாத்த இன்னொரு மெக்கானிக் வரணும்போல இருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்தார். நாலு பேர் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்போது நாமும் சேர்ந்து சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

3

(மேலே முதல் வரியில் 'அவனுக்கு' என்று எழுதியிருந்ததைக் கவனித்திருப்பீர்கள். கேலி செய்ய 'ன்' விகுதி வசதி. அந்த வரியை அடித்ததும் அவன் 'அவர்' ஆகிவிட்டார். அடுத்து வரப்போகிற அவர் மனைவியையும் 'அவர்' என்று எழுதினால் யார் எவர் என்று நீங்கள் குழம்புவீர்கள். அதனால் மனைவி 'அவள்' ஆகிறாள். இந்த வீட்டில் மரியாதை யாருக்குக் குறைந்தது என்பதுதான் கதை; என் தமிழும் அதற்கு உடந்தை.)

மறுநாள் விடுப்பு. ஹாலில் டிவி முன்னால் மெக்கானிக் நின்றார். மகள் கல்லூரிக்குப் போகும் அவசரத்திலும் டிவியை இணையத்தில் இணைத்துக் கொடுத்தாள்.

தேடினால் வந்து கொட்டுகிறது. வயிற்றை மட்டும் கரைக்கிறேன் என்கிறவர்கள், மூன்றே வாரம் என்கிறவர்கள், எடை தூக்கு என்கிறவர்கள், எடையே தூக்காதே என்கிறவர்கள். மெக்கானிக் எடுத்த எடுப்பில் தேர்ந்தெடுத்தது, உடம்பெல்லாம் முறுக்கிய ஓர் இளைஞன் குதிப்பதை.

"அப்பா, இது உங்களுக்கு வேணாம்."

"நான் பார்க்காததா? உன் வயசுல கம்பி பிடிச்சு ஏறினவன்."

இளைஞன் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றான். அந்த ஒன்று முடியவே இல்லை. மெக்கானிக் தரையில் மல்லாந்து கிடந்தார். முதுகு பிடித்துக்கொண்டது. மகள் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எது ரொம்ப நல்லதுன்னு தேடாதீங்கப்பா. எதை நாளைக்கும் செய்வீங்கன்னு பாருங்க. அலுத்துப்போய் வர்ற அன்னிக்கும் செய்ய முடியணும்" என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போனாள்.

4

முதுகு சரியான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி தொடங்கினார். கீழே விரிக்க ஏதாவது வேண்டும்.

அவர் மனைவி துணி ஆல்டரேஷன் கடையில் வேலை பார்க்கிறவள். கணவரின் கால்சட்டைகளை இடுப்பில் பிரித்துப் பிரித்து விட்டுக்கொண்டே வந்தவள். பிரிக்கத் துணி இல்லாமல் போனபோது வேறு துணி வைத்துத் தைத்தாள். ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று அவள் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒரு மேட் இருந்துச்சே, எங்க?"

"நீங்கதான் எடுத்துட்டுப் போனீங்க."

"நானா?"

"லிஃப்டுக்கு அடியில குழிக்குள்ள இறங்கினா முட்டி வலிக்குதுன்னு. நாலா வெட்டி எடுத்துட்டுப் போனீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு எங்கே என்று கேட்டால் சொல்வதைப் போலச் சொன்னாள். மெக்கானிக் ஒரு போர்வையை மடித்து விரித்துக்கொண்டார்.

5

இந்த மனைவி என் முதல் வரைவில் இல்லை. மன்னிக்கவும், இருந்தாள்: சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிக்கும் ஒரு வரியாக. மேட் எங்கே என்று அவரைக் கேட்க வைத்த பிறகுதான், வெட்டப்பட்ட அந்த மேட்டின் மேல் முன்பு யார் நின்றார்கள் என்று யோசிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு நான் மெக்கானிக்கைத் தேடிப்போய்ப் பேசினேன். அவர் சொன்னதில் சிலது, நான் இட்டு நிரப்பியதில் சிலது.

மகள் சின்னவளாக இருந்தபோது, மனைவி தினமும் ஹாலில் டிவியைப் பார்த்துப் பயிற்சி செய்தாள். குட்டை முடி வைத்த ஒரு பெண் நடத்தும் நிகழ்ச்சி. நின்ற இடத்திலேயே நடை, கையை மேலே தூக்கு, பக்கவாட்டில் சாய். பின்னால் ஒரு துள்ளல் இசை. மெக்கானிக் சோபாவில் சாய்ந்து டீ குடித்தபடி பார்ப்பார்.

ஒரு நாள் அவர் தங்கை குடும்பம் வந்திருந்தது. பேச்சுவாக்கில், "உங்க அண்ணி ஆடுறதைப் பார்த்திருக்கீங்களா?" என்று எழுந்தார். சட்டைக்குள் ஒரு தலையணையைச் செருகிக்கொண்டார். அந்த இசையை வாயாலேயே வாசித்துக்கொண்டு நடந்தார், கையைத் தூக்கினார், சாய்ந்தார், மூச்சு வாங்கினார், முந்தானையால் துடைப்பதுபோல் முகத்தைத் துடைத்தார். ஓர் அசைவு தப்பவில்லை.*

தங்கைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மனைவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு ஹாலில் அந்த இசை கேட்கவில்லை. கொஞ்ச நாள் கழித்துத்தான் மெக்கானிக் அதைக் கவனித்தார். 'ஆரம்பிச்சதை முடிக்கிற வழக்கம் இவளுக்கு இல்லை' என்று நினைத்துக்கொண்டார்.

* அவ்வளவு அச்சாகக் கேலி செய்ய வேண்டுமானால் அவ்வளவு நாள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். 'அதுவும் ஒருவகையில் அன்பு —' (இல்லை. அவரைக் காப்பாற்ற நான் எழுதிய வாக்கியம் இது. பாதியில் நிற்கட்டும்.)

6

ஞாயிறு காலைக்குத் திரும்புகிறேன்.

போர்வையின் மேல் நின்று மெக்கானிக் தேடினார். ஒருவர் பயிற்சியைவிடப் பேச்சை நிறைய வைத்திருந்தார். ஒருவர் வீட்டில் இல்லாத சாமான்களாகக் கேட்டார். தள்ளிக்கொண்டே போனதில், மறுபடி தொடங்குகிறவர்களுக்கு என்று போட்ட ஒரு பழைய காணொளி வந்தது. படம் மங்கல். அழுத்தினார்.

அதே துள்ளல் இசை. குட்டை முடிப் பெண் நடக்கத் தொடங்கினாள்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

மெக்கானிக் அவசரமாக ரிமோட்டைத் தேடி நிறுத்தினார். மனைவி துடைக்கும் துணியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? அது நல்லதுதான். உங்க முட்டிக்கு ஒண்ணும் செய்யாது. குதிக்கச் சொல்ல மாட்டாங்க."

"நான் அன்னிக்கு அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது."

"என்னிக்கு?"

அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டாள். அவர் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"தங்கச்சி வீட்டுக்காரங்க வந்திருந்தப்போ. தலையணை வெச்சுக்கிட்டு."

மனைவி கையிலிருந்த துணியை நாலாக மடித்தாள்.

"டாக்டர் சொல்லித்தான் ஆரம்பிச்சேன். சர்க்கரை எல்லையில வந்து நிக்குது, இப்பவே உடம்பைக் குறைச்சா தள்ளிப்போடலாம்னாங்க."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லையே."

"ஏன் செய்றேன்னு நீங்க கேட்கவே இல்லையே."

இப்போது அவள் சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறாள். மருந்துக் கடையிலிருந்து அதை மாதாமாதம் வாங்கிவந்து குளிர்பெட்டியில் வைப்பவர் அவர்தான். ஒவ்வொரு தடவையும் தன்னை நல்ல கணவன் என்று அவர் நினைத்துக்கொண்டது உண்டு.

"அதனாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் மனைவி. "எங்க அப்பாவுக்கு இருந்துச்சு, அம்மாவுக்கும் இருந்துச்சு. செஞ்சிருந்தாலும் வந்திருக்கலாம்."

"வராமலும் இருந்திருக்கலாம்."

"ஆமா."

அவள் அந்த 'ஆமா'வை மெல்லத்தான் சொன்னாள். மெக்கானிக் அதை என்னிடம் சொன்னபோது மூன்று முறை சொல்லிப் பார்த்தார். அவள் சொன்ன மாதிரி வரவில்லை.

டிவியில் குட்டை முடிப் பெண் ஒரு காலைத் தூக்கியபடி உறைந்து நின்றாள். மனைவி அவளைப் பார்த்துச் சொன்னாள்:

"நடுவுல ஒரு இடத்துல தண்ணி குடிக்கச் சொல்வாங்க. அதுவரைக்கும்தான் என்னால முடிஞ்சது. அடுத்த வாரம் முழுசும் செஞ்சிடணும்னு இருந்தேன். பாதிக்குப் பிறகு என்ன வரும்னு எனக்குத் தெரியாது."

7

முடிவுகள்.

முதலில் எழுதியது: மனைவி புன்னகையோடு கணவர் பக்கத்தில் வந்து நிற்கிறாள், இருவரும் சேர்ந்து கை தூக்குகிறார்கள். (எழுதிவிட்டுப் படித்தேன். எண்ணெய் விளம்பரம்போல் இருந்தது.)

அடுத்தது: மெக்கானிக் போர்வையில் உட்கார்ந்து அழுகிறார். (அழுதால் அவர் பாரம் இறங்கும். ஆனால் அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து தேற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவள் தலையில் கட்ட எனக்கு மனம் இல்லை.)

மூன்றாவதில் அவர் ஒரு நல்ல மன்னிப்புக் கேட்கிறார். அதை எழுத நான் படாத பாடு பட்டேன். 'உன் உடம்பை நான் —' என்று ஒன்று. 'இத்தனை வருஷமா —' என்று ஒன்று. எதுவும் அந்த 'ஆமா'வுக்கு முன்னால் நிற்கவில்லை.

ஆகவே நடந்ததை மட்டும் தருகிறேன்.

"போடுங்க" என்றாள் மனைவி. அவர் போட்டார். நடந்தார், சாய்ந்தார், வியர்த்தார். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். அவள் அவருக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்தால், முன்பு சோபாவில் உட்கார்ந்து பார்த்த அதே ஆளாகிவிடுவோம் என்று பயந்ததாக என்னிடம் சொன்னார்.

தண்ணீர் குடிக்கும் இடம் வந்தது. போனது.

குட்டை முடிப் பெண் இரண்டு கைகளையும் உயர்த்தச் சொன்னாள். மெக்கானிக் உயர்த்தினார். பின்னால் நாற்காலி ஒரு முறை முனகியது. அவள் எழுந்து போயிருக்கலாம். முழங்காலை நீவிக்கொள்ளக் குனிந்திருக்கலாம். கைகளை உயர்த்தியும் இருக்கலாம்.

நானும் அவரோடு டிவியைப் பார்த்துத்தான் நிற்கிறேன். நீங்கள் சமையலறை வாசலில் இருக்கிறீர்கள். அங்கிருந்து அவள் தெரிவாள். பார்த்துக்கொள்ளுங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எங்கள் இருவரிடமும் சொல்ல வேண்டாம்.