சாணித் தண்ணீர்

உத்தமபாளையத்துக்குக் கிழக்கே சுப்புத்தாயும் அவள் கணவன் தவசியும் பதினான்கு மாடுகள் வைத்துப் பால்பண்ணை நடத்தினார்கள். தொழுவம் கழுவிய தண்ணீர் ஆறு வருடமாக, பக்கத்துத் தோப்புக் கிணற்றை ஒட்டிய பின்பக்க ஓடையில்தான் போனது. குழி வெட்டித் தேக்கும்படி மாட்டு டாக்டர் இரண்டு முறை சொன்னார். உரம்தானே, மண்ணுக்கு நல்லதுதானே என்று தவசி சிரித்துவிட்டான்.

புரட்டாசியில் ஒருநாள் பக்கத்துத் தோப்பு ஜெய்த்தூன் பீவி குடத்தோடு வந்து நின்றாள். எட்டு மாதக் கர்ப்பிணியான அவள் மகள் யாஸ்மின் வயிற்றுப்போக்கில் துவண்டு, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியிருந்தாள்.

"கெணத்துத் தண்ணியக் குடிக்க வேணாம்னுட்டாக டாக்டரு. ஒங்க கொழாயில ரெண்டு கொடம் புடிச்சுக்கிறட்டா, தாயி?"

வேறொன்றும் சொல்லவில்லை. பழி சொல்லியிருந்தால் சுப்புத்தாய் சண்டைக்குப் போயிருப்பாள். அன்றே மண்வெட்டியை எடுத்தாள். தவசியும் கடப்பாரையோடு வந்தான். இரண்டு வாரத்தில் ஆளுயரக் குழி வெட்டி, கரை கட்டி, ஓடைக்குப் போன வழியை அடைத்தார்கள். ஜெய்த்தூனும் கிணற்றை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டாள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. குழி நிரம்பிக் கரை கசிந்தது. போட்ட மண்ணெல்லாம் கரைந்து ஓடியது. சுப்புத்தாய் படப்பிலிருந்து வைக்கோலை அள்ளிவந்து உடைப்பில் திணித்தாள்.

"கோடைக்கு மாட்டுக்கு என்னத்தப் போடுவ?" என்று தவசி கத்தினான்.

"மாட்ட வித்துருவோம். நீங்க தூக்குங்க."

பாதிப் படப்பு போனது. கடைசியில் அவளே உடைப்பில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். கரை அவளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு பிளந்தது. கறுப்புத் தண்ணீர் தோப்புக்குள் பாய்ந்து, கைப்பிடிச்சுவர் இடிந்த பக்கமாகக் கிணற்றில் விழுந்தது.

சேறும் சாணியுமாக அவள் ஜெய்த்தூன் வீட்டுக்கு ஓடினாள்.

"மோட்டாரப் போடாதீக. எல்லாம் உள்ள எறங்கிருச்சு. இம்புட்டு நாளா எறங்குனதும் எங்க தண்ணிதான்."

ஜெய்த்தூன் போய் மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வந்தாள்.

"எம்மக வயித்துப் புள்ளையோட கெடந்தப்ப இத வந்து சொல்லியிருக்கலாம்ல?"



அந்த மாதமே எட்டு மாடுகளை விற்றார்கள். இப்போது தொழுவத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதில்லை. சாணத்தைக் கூடையில் அள்ளி மேட்டில் காயப்போடுகிறார்கள். கிணறு மூன்று தடவை இறைத்தும் தெளியவில்லை. சுப்புத்தாய் தினமும் காலையில் இரண்டு குடம் கொண்டுபோய் ஜெய்த்தூன் வாசலில் வைக்கிறாள். குடம் காலியாகித் திரும்புகிறது, பேச்சு இல்லை.

கார்த்திகையில் யாஸ்மினுக்குக் குழந்தை பிறந்தது. பால் ஊற்றப்போன இடத்தில் யாரோ சொல்லித்தான் சுப்புத்தாய்க்குத் தெரிந்தது. ஆணா பெண்ணா என்று கேட்காமலே பாலை அளந்து ஊற்றினாள்.