பாவா கட்டிய மாலை

எழுபத்து நாலாம் வருஷம், ஆயுத பூஜைக்கு மறுநாள். மெட்ராசிலிருந்து விமானம் கிளம்பி எட்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஃபிளைட் இன்ஜினியர் கஜபதிக்குக் காது அடைத்தது. எதிரே இருந்த காற்றழுத்தமானியின் முள்ளைப் பார்த்தான். விமானம் ஏற ஏற, உள்ளேயிருந்த காற்றும் மெலிந்துகொண்டே போனது.

"சார், ஏறாதீங்க. உள்ள பிரஷர் நிக்கல."

கேப்டன் விவரமான ஆள், எதிர்க்கேள்வி கேட்கவில்லை. எல்லோரும் ஆக்சிஜன் முகமூடியை மாட்டினார்கள். காற்று வெளியேறும் வால்வைக் கஜபதி சுவிட்சைத் திருப்பித் தானே அடைத்துப் பார்த்தான். பலனில்லை. பின்னால் நூறு பேர், அதில் கைக்குழந்தைகள் வேறு. "இறக்கிடலாம் சார்" என்றான். பத்தாயிரம் அடிக்குக் கீழே வந்த பிறகுதான் அவனுக்கு உயிரே வந்தது.

தரையைத் தொட்டதும் முதல் ஆளாக இறங்கிப்போய்ப் பின்பக்கச் சரக்குக் கதவைத் திறந்தான். விளிம்பு ரப்பர் மடங்கிக் கிடந்தது. அதனடியில் விரல் தடிமனுக்கு முறுக்கிய வாழைநார்.

அந்தக் கதவுப் பிடியில் பூஜை மாலை கட்டியவர் அவனுடைய பாவா, அக்கா புருஷன் துளசிங்கம். திருத்தணியில் தறி ஓடாமல் முடங்கிக் கிடந்தவரை, யார் யார் காலையோ பிடித்துக் கஜபதிதான் தன் விமானக் கம்பெனியில் சரக்கேற்றும் வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தான். காலையில் பூவைப் பிய்த்தெறிந்த மகராசன், நாரை விட்டுவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்.

அவர் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாசம்தான். விஷயம் வெளியே வந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். அக்காவுக்கு மூன்று பெண்கள். கஜபதி நாரை உருவிப் பையில் போட்டுக்கொண்டான், ரப்பரை நீவிவிட்டான். கம்பெனி ஆட்கள் சோதித்தபோது கதவில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் தப்பு யாருடையது? "நான்தான் பிரஷர் சுவிட்சை மாத்தி வெச்சிட்டேன்" என்று விசாரணையில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். லைசென்ஸ் போனது. நாரை ரயில் ஜன்னல் வழியே வீசினான். பெரிய தியாகம் செய்துவிட்டதாக நினைப்பு! முட்டாள்தனத்துக்கு எத்தனை நல்ல பெயர்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்குள் அவன் திருத்தணி தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தான். பூஜைக்கு முதல் நாள் அக்கா வீட்டுக்குப் போனபோது கூடமெல்லாம் சாமந்தி. துளசிங்கம் மாலை கட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த வாட்டி எல்லா பிளேனுக்கும் எடுத்துகினு போறேன் கஜபதி. போன வருசம் நூறு உசுர காப்பாத்தினது என் மாலைதான்னு அங்க எல்லாருமே சொல்றாங்க."

கஜபதி மாலையைப் பிடித்து நிறுத்தினான். "பாவா, கதவுல மட்டும் கட்டாதீங்க. அன்னிக்கு உங்க மாலை நாரு மாட்டிகினுதான் காத்து போச்சு. உங்க வேலைக்காக நான்தான் மறைச்சேன்."

துளசிங்கம் கோபப்படக்கூட இல்லை. பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் இரக்கத்தோடு பார்த்தார். "எங்க அந்த நாரு?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"சரிதான்."

"நான் கம்பெனிக்கே போயி சொல்றேன் பாவா."

"போயி சொல்லு. உன் கையெழுத்த எடுத்து உன் மூஞ்சிக்கு நேரா நீட்டுவாங்க."

அக்கா வள்ளியம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். கண் கலங்கியிருந்தது, தம்பிக்காக அல்ல. "உன் பொழப்பு போச்சுன்னு, சாமிக்குப் பூ கட்ற மனுசன் மேல பழி போடுறியேடா!" என்றாள். பிறகு புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து மாலையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"அவன் கெடக்கறான். நீங்க நாரை இன்னும் கெட்டியா முறுக்குங்க."